இணையத்திற்கு அணை போட்டால் போதுமா?



நான் பணியாற்றும் அம்பாங் வட்டாரத்தின் பெயருக்கு மலாய் மொழியில் 'அணை' என்பது பொருள். 1857ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து ஆற்றுவழியே அனுப்பப்பட்ட சீனத் தொழிலாளர்கள் இப்பகுதியில்தான் ஈயம் தோண்டினர். ஈயச் சுரங்கங்களுக்காக இங்கே நீரைத் தேக்கிக் கட்டப்பட்ட அணையாலேயே இவ்வூர் இப்பெயரைப் பெற்றது என்பர். அணை இருக்கும் ஊரில் வாழ்கிறவனாதலால், அணையைப் பற்றிப் பேசும் உரிமை எனக்குச் சற்று உண்டு என்று நினைக்கிறேன். ஆனால், இன்று நான் எழுதப் போவது நீரைத் தடுக்கும் அணையைப் பற்றியன்று. இணையத்தைத் தடுக்கும் அணையைப் பற்றி.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. "சார், பிள்ளைங்க கண்டதையும் பார்க்காம இருக்க ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா?" இக்கேள்வி அண்மையிலும் எழுந்தது. முன்பெல்லாம் "இருக்கிறது" என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவேன். இப்போது அவ்வாறு சொல்ல நா எழுவதில்லை. அதற்குக் காரணம் 2009ஆம் ஆண்டில் என் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

வடிகட்டி வந்த கதை

2009 ஆகஸ்டு மாதத்தில், நாடு முழுமைக்கும் இணைய வடிகட்டி ஒன்றைப் பொருத்த அரசாங்கம் ஆராய்ந்து வருவதாகச் செய்தி வெளிவந்தது. சீன நாட்டில் அவ்வாண்டு 'பச்சை அணை' என்னும் பெயரில் ஒரு மென்பொருளைக் கணினிதோறும் நிறுவ முற்பட்டதையொட்டி எழுந்த பேச்சு அது. எதிர்ப்புக் கிளம்பியதும், இணையத்தை வடிகட்டும் எண்ணம் இல்லை என்று அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் சில நாள்களிலேயே அறிவித்துவிட்டார்.

நாட்டிற்கு வேண்டாமென்றால் போகட்டும், நம் பள்ளிக்காவது வேண்டும் என்று அப்போது முழங்கியவன் நான். எங்கள் கணினி அறையில் இருந்த சில கணினிகளில் அப்படியொரு வடிகட்டியை நிறுவவும் செய்தோம். கணினித் தொழில் தெரிந்த ஒரு பெற்றோர் இலவசமாக வந்து செய்து கொடுத்தார். அந்த மென்பொருளில் ஒரு சொற்பட்டியல் இருந்தது. அதிலுள்ள ஆபாசச் சொல்லையோ வசைச்சொல்லையோ யாராவது தட்டச்சு செய்தால், உலாவி உடனே மூடிக்கொள்ளும்; திரையில் சிவப்பு நிறத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றும்; கணினி எண்ணும் நேரமும் பதிவாகும். எனக்குப் பெரும் நிம்மதி. இனி மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று காவல் காக்க வேண்டியதில்லை அல்லவா!

இரண்டாம் வாரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்றேன். ஒரு பயிற்சித் தளத்தில் அவரவர் பெயரைப் பதிவு செய்யச் சொன்னேன். ஒரு மாணவியின் திரை மட்டும் மூடிக்கொண்டது. சிவப்பு எச்சரிக்கை எழுந்தது. மீண்டும் திறந்து கொடுத்தேன். மீண்டும் மூடிக்கொண்டது.

"என்னம்மா தட்டினாய்?" என்றேன். சற்றுக் கடுமையாகவே கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"என் பேர்தான் ஐயா," என்றாள்.

அவளுடைய பெயர் 'க்ஷிதா' என்று முடியும் அழகான பெயர்களுள் ஒன்று. அதை ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது எஸ், எச், ஐ, டி என்னும் நான்கும் அடுத்தடுத்து வரும். அந்த நான்கெழுத்து ஆங்கிலத்தில் மலத்தைக் குறிக்கும் வசைச்சொல். பெயருக்குள் ஒளிந்திருந்த அச்சொல்லை மென்பொருள் கண்டுபிடித்துவிட்டது. பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் அதை உரக்கப் படித்துவிட்டான். வகுப்பே சிரித்தது.

அப்போது நான் செய்ததுதான் பெரும்பிழை. நேரம் போய்க்கொண்டிருந்தது, முப்பது மாணவர்கள் காத்திருந்தார்கள். "பரவாயில்லை, அந்த 'எச்' எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு எழுதம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த கணினிக்குப் போய்விட்டேன். அவளும் அப்படியே எழுதினாள். பாடம் தடையின்றி நடந்தது.

தாயின் கேள்வி

இரண்டு மாதங்கள் கழித்து, கதை எழுதும் போட்டிக்கான நற்சான்றிதழ்களை வழங்கினோம். பெயர்ப் பட்டியலைக் கணினிப் பதிவிலிருந்தே எடுத்து அச்சிட்டிருந்தோம். மறுநாள் காலையில் அம்மாணவியின் தாயார் சான்றிதழோடு வந்து நின்றார்.

"சார், பேரு தப்பா இருக்கு."

அச்சுப்பிழை, திருத்தித் தருகிறேன் என்றேன். அவர் நகரவில்லை.

"இது மட்டும் இல்ல சார். வீட்டுல நோட்டுப் புத்தகத்துல எல்லாம் இப்படித்தான் எழுதுறா. ஏம்மான்னு கேட்டா, அந்த எழுத்தோட எழுதுனா அசிங்கமாம், கம்ப்யூட்டரே சொல்லிருச்சாம். அவ பாட்டி ஆசையா வச்ச பேரு சார்."

என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. தீயவற்றைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட அணை, ஒரு பிள்ளைக்குத் தன் பெயரையே தீயதாகக் காட்டிவிட்டது. அதற்கு ஆசிரியனாகிய நானே சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்! இயந்திரம் தவறியபோது, இயந்திரத்தைத் திருத்தாமல் பிள்ளையின் பெயரைத் திருத்தியவன் நான்தான்.

அன்று மாலை கணினி அறையில் தனியே அமர்ந்து அந்த மென்பொருளைச் சோதித்துப் பார்த்தேன். முதலில் திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினேன். உலாவி மூடிக்கொண்டது. அவர் பெயரிலும் அந்த நான்கெழுத்து இருக்கிறது! அடுத்து ஷா ஆலாமில் உள்ள ஒரு முகவரியை மலாயில் தட்டினேன். அந்நகரின் பகுதிகள் எல்லாம் 'செக்ஸ்யென்' என்னும் சொல்லோடு எண்ணிட்டு அழைக்கப்படுவன. அச்சொல்லின் முதல் நான்கு எழுத்துகளைக் கண்டதும் உலாவி மறுபடியும் மூடிக்கொண்டது.

பிறகு, தமிழில் கேட்கவும் கூசும் வசைச்சொற்கள் சிலவற்றைத் தமிழ் எழுத்திலேயே தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவை காட்டிய பக்கங்களும் தாராளமாகத் திறந்தன. அந்த வடிகட்டிக்குத் தமிழே தெரியாது. தமிழ்ப்பள்ளியின் வாசலில் தமிழ் தெரியாத காவலாளியை நிறுத்திவிட்டு நான் நிம்மதியாக உறங்கியிருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவியிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். "தவறு உன் பெயரில் இல்லை, இந்தப் பெட்டிக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமே தவிர, படிக்கத் தெரியாது," என்றேன். பிறகு தீட்சிதர் பெயரையும் ஷா ஆலாம் முகவரியையும் தட்டிக் காட்டினேன். பிள்ளைகள் மீண்டும் சிரித்தார்கள். இம்முறை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கணினியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பெயரால் வந்த வினை

இது எங்கள் பள்ளியில் மட்டும் நேர்ந்த விந்தையன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரத்து மக்கள், அமெரிக்க இணைய நிறுவனமான ஏ.ஓ.எல். தளத்தில் தங்கள் ஊர்ப்பெயரோடு பதிவு செய்துகொள்ள முடியாமல் தவித்தார்கள். அவ்வூர்ப் பெயரின் எழுத்துகளுக்கிடையே ஓர் ஆபாசச் சொல் சிக்கியிருந்ததே காரணம். கணினித் துறையினர் இவ்வகைப் பிழைக்கு இன்றும் அவ்வூரின் பெயரையே வைத்து அழைக்கின்றனர். 1996இல் தெரிந்துவிட்ட பிழை 2009இல் அம்பாங்கில் ஒரு சிறுமியின் பெயரைத் தின்றது என்பதுதான் வருத்தத்திற்குரியது.

வடிகட்டி எங்கே அமர்ந்திருக்கிறது?

பெற்றோர் இதைப் புரிந்துகொள்வது நல்லது. இணையத்தைத் தடுக்கும் இடங்களைப் பொதுவாக நான்காகச் சொல்லலாம்.

முதலாவது, பெயரைத் தடுப்பது. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அப்பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று நம் கருவி ஒரு சேவைக் கணினியைக் கேட்கிறது. இதனை டி.என்.எஸ். என்பர், பழைய தொலைபேசிப் புத்தகத்தைப் போன்றது. "அப்படி ஒருவர் இல்லை" என்றோ, வேறொருவரின் எண்ணையோ அந்தப் புத்தகம் சொல்லிவிட்டால் தளம் திறக்காது. செலவு குறைவு. நம் நாட்டு இணையச் சேவை நிறுவனங்கள் பெரிதும் கையாளும் முறை இதுதான்.

இரண்டாவது, எண் முகவரியையே தடுப்பது. ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கக் கூடும். அடுக்குமாடி வீட்டில் ஒருவர் குற்றம் செய்தார் என்று கட்டடத்தின் வாயிற்கதவையே பூட்டுவதற்கு ஒப்பானது இது.

மூன்றாவது, குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுப்பது. இதுவே நியாயமானது. ஆனால், இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளன. இடையில் நிற்கும் சேவை நிறுவனத்திற்குத் தளத்தின் பெயர் தெரியலாம். எந்தப் பக்கம் என்பது தெரியாது. உறையின்மேல் உள்ள முகவரி தெரியும், உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது என்பது போல.

நான்காவது, சொற்களைப் பார்த்துத் தடுப்பது. எங்கள் கணினி அறையில் நடந்தது அதுதான்.

ஒன்றைத் தடுக்கப் போய்

இம்முறைகளால் தமிழர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 2003 செப்டம்பரில் மேகாலயாவைச் சேர்ந்த ஒரு தீவிரவாத அமைப்பின் யாகூ குழுவைத் தடுக்கும்படி இந்திய அரசு ஆணையிட்டது. அந்த ஒரு குழுவை மட்டும் தடுக்க வழி தெரியாத சேவை நிறுவனங்கள் யாகூ குழுமங்கள் அனைத்தையும் முடக்கின. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' போன்ற தமிழ் இலக்கியக் குழுமங்கள் யாகூவில்தான் இயங்கி வந்தன என்பது அக்கால அன்பர்களுக்கு நினைவிருக்கும்.

2006 சூலையில், மும்பை இரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், சில பக்கங்களைத் தடுக்கச் சொன்ன ஆணையால் 'பிளாக்ஸ்பாட்' வலைப்பதிவுகள் மொத்தமும் இந்தியாவில் பல இடங்களில் மறைந்தன. சமையல் குறிப்பு எழுதியவரும் மரபுக் கவிதை எழுதியவரும் தங்கள் பதிவைத் தாங்களே பார்க்க முடியாமல் போனது. 2012இல் '3' என்னும் தமிழ்த் திரைப்படத்தின் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஆணையைக் காட்டி, 'விமியோ' போன்ற தளங்களையே முழுவதுமாக முடக்கினார்கள். பிறகு அதே நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

இவை தெரியாமல் நேர்ந்தவை. தெரிந்தே செய்ததும் உண்டு. 2007 சூனில் இலங்கையில் 'தமிழ்நெட்' செய்தித்தளம் தடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் தங்கள் ஊரைப் பற்றிய செய்தியை அங்கிருந்தோர் படிக்க முடியாமலும், கடல்கடந்து வாழ்ந்தோர் படிக்க முடிந்தும் இருந்த நிலை அது.

நம் நாட்டுக் கதையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1996இல் தொடங்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டம், இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்ற உறுதிமொழியை முதலீட்டாளர்களுக்கு வழங்கியது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்திலும், இச்சட்டத்தின் எப்பகுதியும் இணையத் தணிக்கைக்கு இடமளிப்பதாகக் கொள்ளப்படக் கூடாது என்று எழுதப்பட்டுள்ளது. ஆயினும், அதே சட்டத்தின் 263ஆம் பிரிவு, குற்றங்களைத் தடுக்க உதவும் கடமையைச் சேவை நிறுவனங்களின் மேல் சுமத்துகிறது. 2008 ஆகஸ்டில் 'மலேசியா டுடே' தளம் தடுக்கப்பட்டு, அடுத்த மாதமே திறந்துவிடப்பட்டது. 2015 சூலையில் 'சரவாக் ரிப்போர்ட்' தளம் முடக்கப்பட்டது. 2018 பொதுத்தேர்தலில் ஆட்சி மாறிய பின்னரே அது திறந்தது. ஆபாசத்தைத் தடுக்கப் பயன்படும் அதே மதகுதான் செய்தியையும் தடுக்கிறது. மதகுக்கு இரண்டும் ஒன்றே.

2024 செப்டம்பரில் நடந்ததைப் பெற்றோர் குறிப்பாக அறிய வேண்டும். கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளி டி.என்.எஸ். சேவைகளுக்குச் செல்லும் கேள்விகளையெல்லாம் உள்நாட்டுச் சேவைக் கணினிகளுக்குத் திருப்பிவிடும்படி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் நிறுவனங்களைப் பணித்தது. சூதாட்டம், ஆபாசம், மோசடி ஆகியவற்றிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்றது. மக்களிடையே எதிர்ப்புக் கிளம்பவே, அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அத்திட்டத்தைக் கைவிடும்படி ஆணையத்திடம் கூறிவிட்டார்.

இதில் ஒரு முரணை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிள்ளைகளுக்காகத் தம் வீட்டு ரவுட்டரில் குடும்ப டி.என்.எஸ். எண்ணை அமைத்துக்கொண்ட பெற்றோர் உண்டு, நானும் அமைத்திருந்தேன். கேள்வி பாதிவழியில் வேறிடத்திற்குத் திருப்பப்பட்டால், நாம் தேர்ந்த காவலரிடம் அது போய்ச் சேராது. பிள்ளைகளைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட ஏற்பாடு, பெற்றோர் தாமே வைத்த காவலை நீக்கிவிடக் கூடியதாக இருந்தது!

அப்படியானால் என்ன செய்வது?

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் கையில் திறந்த இணையத்தைக் கொடுப்பது அறிவுடைமையாகாது. எங்கள் அனுபவத்தில் பயன் தந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டு ரவுட்டரில் டி.என்.எஸ். என்னும் இடத்தில் 1.1.1.3 என்றோ 208.67.222.123 என்றோ எழுதினால் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் திறவா. முன்னது கிளவுட்ஃபிளேர், பின்னது ஓப்பன் டி.என்.எஸ். வழங்கும் இலவசக் குடும்பச் சேவை. இது தளங்களின் பெயரை மட்டுமே பார்க்கும். யூடியூப் தளத்திற்குள் எது நல்லது, எது தீயது என்று பிரிக்காது. பிள்ளை கைப்பேசித் தரவுக்கு மாறினாலும், வி.பி.என். செயலியை இறக்கினாலும் இதற்கு வேலையில்லை.

சிறிய வகுப்புகளுக்குத் தடைப்பட்டியலைவிட அனுமதிப்பட்டியலே சிறந்தது. 'இவை கூடாது' என்று ஆயிரம் தளங்களை அடுக்குவதைவிட, 'இவற்றைப் பார்க்கலாம்' என்று இருபது தளங்களை ஆசிரியரே படித்துத் தேர்ந்து கொடுக்கலாம். தமிழ்த் தளங்களைத் தமிழ் படித்தவர்தாம் தேர முடியும். எந்த வெளிநாட்டு மென்பொருளும் அதை நமக்காகச் செய்யாது.

எங்கள் கணினி அறையில் மேசைகளைத் திருப்பிப் போட்டோம். எல்லாத் திரைகளும் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியும். ஒரு காசு செலவில்லை. வீட்டிலும் கணினியைக் கூடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, சிவப்பு எச்சரிக்கை தோன்றினால் பிள்ளை பயப்படாமல் நம்மைக் கூப்பிட வேண்டும். தடுக்கப்பட்டது என்றால் தவறு செய்தாய் என்று பொருளன்று, "என்ன பார்க்க நினைத்தாய்?" என்று அன்போடு கேளுங்கள். நான் அன்று கேட்ட குரலில் கேட்டுவிடாதீர்கள். ஒருமுறை மிரண்ட பிள்ளை அடுத்த முறை நம்மிடம் வராது. வேறு வழி தேடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் எந்த வடிகட்டி வைத்தாலும், முதலில் உங்கள் வகுப்பு மாணவர்களின் பெயர்கள் அனைத்தையும் அதில் தட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவிடவில்லை.

அம்மாணவி மறு ஆண்டு ஆறாம் ஆண்டை முடித்துப் பள்ளியைவிட்டுச் சென்றாள். பிரியாவிடை நாளன்று பிள்ளைகள் எனக்கொரு வாழ்த்தட்டை கொடுத்தார்கள். அனைவரும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். அவளும் ஆங்கிலத்தில் தன் முழுப்பெயரை எழுதியிருந்தாள். 'எச்' என்னும் அந்த எழுத்து மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன்.

அணை வேண்டும்தான். ஆனால், அணையைக் கட்டிவிட்டு யாரும் ஊருக்குப் போய்விடுவதில்லை. நீர்மட்டத்தைப் பார்க்கவும் மதகைத் திறக்கவும் அங்கே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். வீட்டில் அந்த ஆள் பெற்றோர், பள்ளியில் நாம்.

உங்கள் பள்ளியிலும் வீட்டிலும் இத்தகைய அனுபவம் நேர்ந்திருந்தால் எழுதுங்கள், மற்றவர்க்கும் பயன்படும்.

அன்புடன்,
அம்பாங்கிலிருந்து ஒரு தமிழாசிரியன்